முத்திரையை விழுங்கிய பாட்டு

பாஸ்கர்,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலையில் நீ பையைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து எண்ணினால் மூன்று மாதம். உண்மையாக எண்ணினால் இருபத்திரண்டு வருடம். இந்த இரண்டாவது மௌனம் உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் பாதிதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை நீ பம்பாய் வண்டி ஏறுகிறாய் என்று அவள் சொன்னாள். நீ அவளுக்குத்தான் எழுதுகிறாய், எனக்கு எழுதுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது என்று எழுதினால் இந்தக் கடிதம் முதல் பக்கத்திலேயே பொய்யாகிவிடும். போன வாரம் உன் உறைக்குள் ஓர் அட்டை வந்தது. கேசட் பெட்டிக்குள் மடித்து வைக்கிற அட்டையின் மாதிரி. கழுத்துவரை முடி வளர்த்து, கிடாரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நீ நிற்கிறாய். பின்பக்கம் ஆறு பாட்டுகளின் தலைப்புகள். அவற்றுக்குக் கீழே, ‘பாட்டும் குரலும்: பாஸ்கர்.’ உன் அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே சாய்த்துக் குங்குமம் வைத்திருந்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது அதைப் படித்தேன். கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். “காபி ஆறிப் போவுது” என்று அவள் பின்னால் கூப்பிட்டது கேட்டது. நான் ஸ்டேஷன்வரை நடந்து, பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு வண்டிகள் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்த ஆறு பாட்டுகளையும் எழுதியவன் செல்வம். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பம்பாய் போய்ச் சேர்ந்த பிறகுதான் அட்டை அச்சுக்குப் போகும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்கு முன் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். ஆகவே இதை வாழ்த்துக் கடிதமாக எடுத்துக்கொள்ளாதே.

ஆடிக் கிருத்திகை அன்று நடந்ததை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ உன் பக்கத்திலிருந்துதான் அதைப் பார்த்திருப்பாய். வாசலில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. நீ செல்வத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாய். திருவாலங்காட்டுப் பையன், அப்பா கரும்பு வெட்டுகிறவர், நம் வீட்டில் சாப்பிட உட்காரும்போது இலையின் ஓரத்தில்கூட கை படாமல் ஒடுங்கி உட்கார்ந்தான். நீ டேப் ரிக்கார்டரில் உன் ஆங்கிலப் பாட்டுக்காரர்களை வைத்தாய். உச்சிக்குப் போய் அங்கேயே நின்று அலறுகிறானே, அவனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

“இவன் செத்தா இந்த குரூப்பே செத்துச்சு நைனா. எழுதறவன் செத்தா? வேற ஒருத்தன் வந்து எழுதிகினு போறான்.”

“அப்ப மூக்கன எதுல சேப்ப?” என்றேன், தானே எழுதித் தானே பாடுகிற அந்த ஆங்கிலப் பாட்டுக்காரனை நினைத்து.

“இன்னா நைனா நீ, இன்னும் மூக்கன புடிச்சிகினு தொங்கற. அவன் பாட்ட அவனே பாடனப்ப எவன் கேட்டான்? நல்ல தொண்டக்காரனுங்க எடுத்துப் பாடனப்பறம்தான் ஊரே கேட்டுச்சு.”

அது உண்மைதான். உன்னிடம் தோற்கிற இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும் என்பதும் உனக்குத் தெரியும். நான் செல்வத்தைப் பார்த்து, “நீ சொல்லுப்பா” என்றேன்.

“அவன் பாடனாதான் சார் அது பாட்டு. நான் பாடனா எங்க ஊரு எருமைங்கூட கட்ட அவுத்துகினு ஓடிடும்.”

எல்லோரும் சிரித்தோம். உன் அம்மா சாம்பார் ஊற்றிக்கொண்டே சிரித்தாள். அங்கே நிறுத்தியிருக்கலாம் நீ. “கேட்டுக்க நைனா. எழுதறது யாரு வோணா எழுதலாம். தொண்ட ஒருத்தனுக்குத்தான் வரும்” என்றாய். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் செல்வத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பளத்தை எடுத்த கை அப்படியே நின்றது. பிறகு அதை உடைக்காமல் இலையிலேயே திரும்ப வைத்தான். அதைப் பார்த்த பிறகுதான் நான், “இது உன் மாமன் பேசின பேச்சுடா” என்றேன். நீ பதில் சொன்னாய்: “மாமாவ எதுக்கு இழுக்கற? மாமா பாடலன்னா உன் பாட்டு தறிக்குழிலயே மக்கிப் போயிருக்கும். அது தாங்காமதான அம்மாவ அவங்க அண்ணன் வூட்டுக்கு அனுப்பாம வச்சிகினு கீற?” நான் எழுந்து கை ஓங்கினேன். செல்வம் நடுவில் வந்தான். அடி அவன் தோளில் விழுந்தது. எழுதுகிறவன்மீது விழுகிற அடி எப்போதுமே இப்படித்தான் விழுகிறது என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த நினைப்பிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

நீ பிறப்பதற்கு முன்பிருந்து தொடங்குகிறேன். உன் தாய்மாமன் முனிரத்தினம் என் அம்மாவின் அண்ணன் மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், மூத்த மச்சானை எங்கள் பக்கம் பாவா என்போம். அம்மையார்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். இரண்டு பக்கமும் தறி. அவன் பத்தாவது தேறாமல் தறிக்குழியில் இறங்கிவிட்டான். நான் தேறி மதராஸில் பி.ஏ. சேர்ந்தேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவன் வீட்டு வால்வு ரேடியோவை மடியில் வைத்துக்கொள்ளாத குறையாக இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். கடல் தாண்டி வந்துகொண்டிருந்த ஒரு நிலையத்தில் மாலை ஒரு மணி நேரம் ஆங்கிலப் பாட்டுகள் போடுவார்கள். பாடுகிறவன் பெயரை அறிவிப்பாளர் சொல்லும்போது மட்டும் சரியாகக் கரகரவென்று இரைச்சல் வரும். அதனால் நாங்களே பெயர் வைத்தோம். மூக்கால் பாடுகிறவன் மூக்கன். குழைந்து குழைந்து பாடுகிறவன் பாகு. தொண்டையைக் கிழித்துக்கொள்கிறவன் கோணி. சேர்ந்து எழுதிச் சேர்ந்து பாடுகிற இரண்டு பேரை ‘ரெட்டை மாடு’ என்போம். நீ குழந்தையாக இருந்தபோது இந்தப் பெயர்களைத்தான் உனக்குச் சொன்னேன். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் நீ யாரிடமோ “கோணியின் புதுப்பாட்டு கேட்டாயா” என்று கேட்டு, விடுதியே சிரித்ததாகச் சொன்னாய். அன்று நீயும் சிரித்தாய். அதற்காக உனக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பாவாவுக்குப் பாகுதான் உசத்தி. “மச்சான், அவன் ‘ஆ’ன்னு வாயத் தொறந்தாலே போதும், அர்த்தம் யாருக்கு வேணும்?” என்பான். அவனுக்கு ஆங்கிலம் நாற்பது சொல் தெரிந்தால் அதிகம். நான் மூக்கன் கட்சி. சொல் இல்லாவிட்டால் குரல் வெறும் குழாய் என்பேன். “கொழா இல்லன்னா தண்ணி எப்பிடி வரும்?” என்பான் அவன். தறி ஓடிக்கொண்டிருக்கும், அவன் கால் மிதித்துக்கொண்டிருக்கும், வாய் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ரெட்டை மாடு பிரிந்துபோகும், பாடுகிறதில் நல்லவன் எவனோ அவன்தான் பிழைப்பான் என்று ஒரு நாள் பந்தயம் கட்டினான். பிரிந்துபோனபோது நாங்கள் இருவரும் பேச்சு வார்த்தையில் இல்லை. பந்தயத்தில் யார் ஜெயித்தோம் என்று இன்றுவரை தீர்க்கவில்லை.

ஒரு விடுமுறையில், அவன் தறியின் அடிக்கு நான் ஒரு பாட்டு எழுதினேன். மிதி, வீச்சு, அடி, அடி. அந்தத் தாளத்திலேயே ரேடியோவில் கேட்ட பாட்டுகளின் துள்ளல் இருந்தது. எழுதி முடித்து நானே பாடிக் காட்டினேன். உன் அம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, “பாவா, யாராச்சும் பனமட்டய இழுத்துகினு போறாங்களா?” என்றாள். அவள் அண்ணன் சிரிக்கவில்லை. தாளை வாங்கினான். ஒரு முறை வாய்க்குள் முனகினான். பிறகு பாடினான். பாஸ்கர், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் எழுதியதில் என்ன இருந்தது என்று அவன் பாடும்போதுதான் எனக்கே தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்த அதே நேரத்தில் அந்தக் குரல்மேல் பொறாமையும் வந்தது.

அந்தப் பாட்டின் கடைசி அடிகள் உனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. அவை இவை:

தறிக்காரன் மகன் நெய்தது இது,
தைரியம் இருந்தா கட்டிக்கோ.

அது முத்திரை. என் அப்பா பஜனைக் கோஷ்டி நடத்தியவர். வருடக் கடைசி நாளில் திருத்தணிப் படிகளில் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார்கள், பார்த்திருக்கிறாய். பாட்டைக் கட்டியவன் கடைசி அடியில் தன் பெயரையோ, தன்னைக் குறிக்கிற ஒரு சொல்லையோ வைத்திருப்பான். அதைப் பாடாமல் அடுத்த படியில் கால் வைப்பது எங்கள் கோஷ்டியில் வழக்கமில்லை. ஒரு வருடம் வெயில் ஏறிவிட்டது என்று முன்னால் போன கோஷ்டிக்காரர்கள் கடைசி அடிகளை விட்டுவிட்டு வேகமாக ஏறினார்கள். என் அப்பா படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் முழுக் கூட்டமும் நின்றது. போலீஸ்காரர் வந்து கேட்டபோது மேலே கை காட்டி, “பேர வுட்டுட்டு ஏறிகினு போறாங்க. எழுதனவன் கீழயே நின்னுகினு கீறான்” என்றார். அவர்கள் இறங்கி வந்து பாடிவிட்டுப் போனார்கள். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. என் கல்லூரி நண்பன் எவனாவது அந்தக் கூட்டத்தில் இருந்து பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்றுதான் கவலைப்பட்டேன். இந்த வெட்கத்தை நினைவில் வைத்துக்கொள், இதுதான் பின்னால் வந்து நின்றது.

கல்லூரி ஆண்டு விழாவுக்கு எங்கள் விடுதியில் ஒரு குழு சேர்த்தோம். இரண்டு கிடார், ஒரு டிரம். டிரம் வாசித்தவன் பெரிய வீட்டுப் பையன், அவன் வீட்டில் கிராமபோன் மட்டும் மூன்று. பாட யாருமில்லை. நான் பாவாவை வரவழைத்தேன். காலை பாசஞ்சரில், வெளுத்த சட்டையும் புதுச் செருப்புமாக வந்து இறங்கினான். உனக்கும் உன் அம்மாவுக்கும் நான் சொன்ன கதை இதற்குப் பிறகு இப்படிப் போகும்: மேடையில் பாடினான், கைதட்டல் காதைப் பிளந்தது, மயக்கத்தில் என் முத்திரையை விழுங்கிவிட்டான், அன்றிலிருந்து பாட்டு அவனுடையதாகிவிட்டது. இந்தக் கதையை நான் எவ்வளவு தடவை சொன்னேனோ அவ்வளவு தடவை நம்பியும் இருக்கிறேன்.

நடந்தது வேறு. மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்பு டிரம்காரன் என் தாளை வாங்கிப் படித்தான். “யாருடா தறிக்காரன் மகன்? நீயா?” என்று கேட்டான். சும்மாதான் கேட்டான், கேலியாகக்கூட இல்லை. ஆனால் நான் விடுதியில் என் அப்பாவுக்கு ‘ஜவுளி வியாபாரம்’ என்று சொல்லி வைத்திருந்தேன். “சே, சும்மா எதுகைக்கு எழுதினேன்” என்றேன். பிறகு பாவாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், “கடைசி ரெண்டு அடி வேண்டாம், நேரம் போதாது” என்றேன்.

“இன்னா மச்சான், முத்திரைய முழுங்கச் சொல்றியா? மாமாவுக்குத் தெரிஞ்சா கோஷ்டிலேர்ந்தே தள்ளிடுவாரு.”

“சொன்னதச் செய் பாவா. ஊர்க் கதையெல்லாம் இங்க பேசாத.”

அவன் புதுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். “ஆங், சரி” என்றான். பாடினான். கடைசி அடிகள் வருகிற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, வெறும் ‘ஆ’ போட்டு முடித்தான். அரங்கம் எழுந்து நின்றது. கீழே இறங்கியதும் நாலைந்து பேர் அவனைச் சூழ்ந்துகொண்டு, பாட்டு யார் எழுதியது என்று கேட்டார்கள். அவன் என் பக்கம் திரும்பினான். நான் சொல்வதற்காகக் காத்திருந்தான். நான் குனிந்து கிடார் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். என் பாட்டு என் கையைவிட்டுப் போவதற்கு ஆன நேரம், ஒரு ஒயரைச் சுற்றுகிற நேரம்.

இதனால் அவன் நிரபராதி என்று எழுதப்போகிறேன் என்று நினைத்துவிடாதே. அவ்வளவு நல்லவன் இல்லை நான். அந்த விழாவைப் பார்த்த ஒருவர் மூலம் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தான். சித்தூர், நகரி, புத்தூர் என்று எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருவிழா மேடைகளில் பத்து வருடம் அந்தப் பாட்டைத்தான் ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு மேடையிலும் கையில் மைக் இருந்தது. ஒரு மேடையிலாவது, “இதை எழுதினது எங்க அத்தை மகன், திருத்தணியில இங்கிலீஷ் வாத்தியாரா இருக்கிறாரு” என்று சொல்லியிருக்கலாம். நான் வேண்டாம் என்றேன், சரி. மாட்டேன் என்கிறவனுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது மைக் வைத்திருக்கிறவன் பொறுப்பு. இந்த ஒரு விஷயத்தில் நான் அவனை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாக எழுதினால் நீ நம்பமாட்டாய்.

ஆனால் அவன் தப்புக்கு நான் வசூலித்தது அவனிடமிருந்து இல்லை. அவன் தங்கையிடமிருந்து. கல்யாணம் ஆன புதிதில் அவள் அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவேன். கொஞ்ச நாளில் அவள் பேச்செடுப்பதை நிறுத்திவிட்டாள். அவன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தபோது நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். தட்டை நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனான். உன் அம்மா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. என் வீட்டில் ஒருத்தியின் குரலை நான் இப்படித்தான் அடக்கினேன் என்பது, குரலா எழுத்தா என்று வாதாடுகிறபோதெல்லாம் எனக்குத் தோன்றியதே இல்லை.

உன் காது குத்தலையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு மூன்று வயது. மலைமேல் மொட்டை போட்டு, காது குத்த உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். பாவா யாரும் அழைக்காமலே வந்திருந்தான். புது வேட்டி கட்டிக்கொண்டு, மடியைக் கூட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்து உனக்காகக் கை நீட்டினான். நான் உன்னைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி, “மாமன் மடி இல்லீங்களா?” என்றார். “மாமன் இல்லை” என்றேன். எதிரில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். உன் அம்மா அங்கேயே இருந்தாள். அவன் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றான். ஊசி ஏறியதும் நீ அலறினாய். நான் எவ்வளவு சமாதானம் செய்தும் அடங்கவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு நீலமாகிவிட்டாய். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. என் பாட்டு. தறி அடிக்கிற தாளத்தைக் கையால் தட்டிக்கொண்டு மெதுவாகப் பாடினான். நீ மூச்சு விட்டாய். குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தலையைத் திருப்பினாய், மறு காதையும் ஆசாரி அந்த நேரத்தில் குத்திவிட்டார். பாட்டு முடிகிற இடம் வந்தது. அவன் நிறுத்தவில்லை. தறிக்காரன் மகன் நெய்தது இது. இரண்டு அடியும் பாடினான். முழுசாக, எனக்குக் கேட்கும்படியாக. நான் தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். நான் திரும்பும்போது அவன் படி இறங்கிவிட்டிருந்தான்.

இதையெல்லாம் இன்று உனக்கு எழுத வைத்தவன் செல்வம். போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். என்னிடம் வாங்கிப்போன இலக்கணப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தானாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அன்றைய அடிக்கு மன்னிப்புக் கேட்டேன். “அதுல இன்னா சார், எங்க அப்பா அடிக்காததா” என்று சிரித்தான். பம்பாய் போகவில்லையா என்று கேட்டேன்.

“இல்ல சார். அங்க எனக்கு இன்னா வேல? பாடறவன் போனாப் போதும்.”

“அட்டையில உன் பேர் இல்லையே.”

“நான்தான் சார் வோணாம்னு சொன்னேன். பாஸ்கர் கேட்டான். சத்தியமா கேட்டான். திருவாலங்காட்டு செல்வம்னு போட்டா எவன் சார் வாங்குவான்? அவன் பேரு ஸ்டைலா கீது.”

இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தின் முதுகில் பிரிந்திருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினான். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து உன் அம்மா காபியோடு வந்தவள், அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் போன பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “எங்க அண்ணன் ஒன்னும் தானா முழுங்கியிருக்க மாட்டான்னு எனக்கு அப்பவே தெரியும். நீயே சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்.” இருபத்திரண்டு வருடம். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

ஆகவே நீ அவனைக் கேட்டாய் என்பது எனக்குத் தெரியும். அதற்காக உன்னை மதிக்கிறேன். உன் மாமன் செய்ததைவிட ஒரு படி மேலே செய்திருக்கிறாய். ஆனால் வேண்டாம் என்று சொல்கிறவன் எதை வேண்டாம் என்கிறான் என்று பார். அவன் தன் பெயரை வேண்டாம் என்று சொல்லவில்லை. தன் ஊரையும், தன் அப்பாவின் கையிலிருக்கும் கரும்பு வெட்டுகிற கத்தியையும் உன் பளபளக்கிற அட்டைமேல் வைக்கப் பயப்படுகிறான். அந்தப் பயத்தை ஏற்றுக்கொண்டு பெயரை விட்டுவிட்டால், பத்து வருடம் கழித்து அவன் பயந்ததை மறந்துவிடுவான், நீ விட்டதை மறக்கமாட்டான். உன்னை வெறுப்பான். நியாயம் இல்லாமல் வெறுப்பான். அவன் மனைவி, பிள்ளை, வீடு எல்லாவற்றிலும் அந்த வெறுப்பு புளித்துக்கொண்டே இருக்கும். எனக்குத் தெரியும். நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.

வாதத்துக்கு என் முடிவையும் கேட்டுக்கொள். நீ சொன்னது சரி, நான் எழுதியது பாவா பாடாவிட்டால் தறிக்குழியில் மக்கியிருக்கும். பாகுவும் வேண்டும், மூக்கனும் வேண்டும். எந்தக் குழுவில் யார் பெரியவன் என்று நீயும் உன் நண்பர்களும் விடிய விடிய வாதாடுங்கள், அது வயசு. ஆனால் குரல் மேடையில் தானாகத் தெரியும். அதற்கு யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. எழுதியவன் தெரிய வேண்டுமென்றால் யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்த வாய் உன்னிடம் இருக்கிறது. அவன் வேண்டாம் என்றாலும் போடு. சண்டை போட்டாலும் போடு. ‘பாட்டு: திருவாலங்காடு செல்வம்’ என்று ஊரோடு போடு. கோபித்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருப்பான். இருபத்திரண்டு வருடம் பேசாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ தேவலை.

வெள்ளிக்கிழமை உன் வண்டி நம் ஸ்டேஷனில் நிற்காது, ஓடிக்கொண்டே மலையைக் காட்டிவிட்டுப் போகும். நீ ஜன்னலில் இருந்தால் படிகள் தெரியும். எழுதியவனைக் கீழே நிறுத்திவிட்டு ஏறுகிறாயா என்பதை அப்போது நீயே பார்த்துக்கொள். நான் பிளாட்பாரத்துக்கு வரமாட்டேன். அன்று காலை உன் அம்மாவும் நானும் உன் மாமனைப் பார்க்க மதராஸ் பஸ் ஏறுகிறோம். அவனுக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு, மேடை ஏறுவதை நிறுத்தி ஒரு வருடமாகிறதாம். இது உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவனைப் பார்த்து என்ன பேசுவேன் என்று தெரியாது. அங்கேயும் சண்டை வரலாம். மைக்கைப் பற்றி நான் கேட்காமல் இருக்கமாட்டேன். ஆனால் ஒயரைப் பற்றி முதலில் நான் சொல்லிவிட வேண்டும்.

இதன் கீழே கையெழுத்துப் போடாமல் உறையில் வைத்து ஒட்டப்போகிறேன். பேனா கையில் இருக்கிறது, போடுவதற்கு இடமும் இருக்கிறது. இந்த முறை வெட்கத்தால் இல்லை. உனக்கு என் கையெழுத்து தெரியும், என் கோபம் தெரியும், யார் எழுதியது என்பதில் உனக்குச் சந்தேகமே வராது. இருந்தாலும் இந்தப் பக்கத்தின் அடிக்கு வரும்போது உன் கண் ஒரு பெயரைத் தேடும். இல்லை என்று தெரிந்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்ப்பாய். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றாயே, அது சரிதானா என்று அப்போது சொல்.